மெகனுக்கு நான் கொடுத்த சிறைத்தண்டனை

விளங்கவில்லை என்று சொல்வதற்கு எனக்கு வெட்கம். அந்த ஒரு வெட்கத்தால், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு செய்யாத ஒரு வேல்ஸ் நாட்டு நடிகையை முந்நூறு யாழ்ப்பாணத்தார் முன்னிலையில் கொலைகாரி ஆக்கினேன். அதுவும் ஒலிவாங்கி வைத்து.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. டொரொன்டோவில், டோர்செட் பார்க்கில், ஓர் அப்பார்ட்மென்டின் பதினோராம் மாடியில் அம்மாவும் நானும் இருந்தோம். கனடாவுக்கு வந்து இரண்டு வருடம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் எல்லாம் எனக்கு விளங்கும். வினைச்சொற்களை ஊகித்துக்கொள்வேன். (அப்படியே இரண்டு வருடம் தாராளமாகச் சீவிக்கலாம். நான் சீவித்தேன்.)

மெகனைக் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில்தான் சந்தித்தேன். எழுபது வயது இருக்கும். மேடையிலும் டிவியிலும் நாற்பது வருடம் நடித்து ஓய்ந்து, மகளோடு இருக்க வந்தவர். முதல் நாளே, "நீங்கள் இங்கிலிஷ்காரியோ?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஈரத் துவாயை முறுக்கியபடி, தான் வேல்ஸ்காரி என்றும், தங்களுக்கென்று தனி மொழி உண்டு என்றும் சொல்லி, ஒரே தீவில் இருந்தால் ஒரே ஆட்கள் ஆகிவிடுவார்களா என்று கேட்டார். எதையும் ஊகிக்காமலே அந்தப் பேச்சு எனக்கு முழுவதும் விளங்கியது. அன்றிலிருந்து சிநேகிதம்.

சனிக்கிழமைகளில் மெஷின் சுற்றி முடியும்வரை தன் கதையைச் சொல்வார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். தேவாலயத்தில் பாடித் தொடங்கி, பதினெட்டு வயதில் லண்டனுக்குப் போனவர். அதற்குப் பிறகுதான் கதை பயங்கரமாகும். "நான் மூன்று வருடம் சிறையில் இருந்தேன்" என்பார். "முதல் புருஷனுக்கு சூப்பில் விஷம் வைத்தேன். இரண்டாவது ஆளை மாடிப்படியில் தள்ளினேன். பேப்பரில் எல்லாம் எழுதினார்கள்." சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அவர் நடிகை என்பது எனக்குத் தெரியும்தான். ஆனால் நடிகைக்கு வீட்டில் பிரச்சினை இருக்காதா என்ன? கிளறிக் கேட்பது பண்பில்லை என்று, "வெரி சாட்" என்று சொல்லி அவருடைய போர்வையை மடித்துக் கொடுத்தேன்.

அந்த வருடம் எங்கள் நாடக மன்றத்தின் விழாவுக்குத் தலைவர் சின்னராசா அங்கிள் பிரதம விருந்தினர் தேடிக்கொண்டிருந்தார். மன்றத்தில் நான் வாசலில் டிக்கெட் கிழிப்பவள். நடிக்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பெண் வேடத்தையும் ஆண்களே மீசை மழித்துப் போட்டார்கள். "பொம்பிளைப் பிள்ளையள் மேடையில ஏறினா நாளைக்கு ஆர் கலியாணம் கட்டுவினம்?" என்பது அங்கிளின் கொள்கை. எனக்கு மேடையில் ஏற வேறு வழி தெரியவில்லை.

"எனக்கு ஒரு நடிகையைத் தெரியும் அங்கிள். கூட்டிக்கொண்டு வாறன். ஆனா அறிமுக உரை நான்தான் செய்வன்."

"வெள்ளைக்காரியோ?"

"ஓம்."

"அப்ப சரி."

ஒரு பள்ளிக்கூட மண்டபம், சனிக்கிழமை பின்னேரம். அம்மா முன்வரிசையில். மெகன் பச்சைநிற நீள உடுப்பில் மேடை நடுவே மகாராணி போல் இருந்தார். நான் தொடங்கினேன். சுரங்கம், தேவாலயம், லண்டன் வரை எல்லாம் நன்றாகப் போனது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் மெகன் அம்மையாரின் வாழ்வில் துயரங்களும் உண்டு. இரண்டு கணவர்களையும் இழந்தார்" என்றேன். சபை உச்சுக் கொட்டியது. உண்மையை மறைக்கக் கூடாது என்று, "இழந்தார் என்றால், அவரே கொன்றார்" என்று சேர்த்துக்கொண்டேன்.

சபை உச்சுக் கொட்டுவதை நிறுத்தியது. நான் சூப்பையும் படியையும் விளக்கினேன். தமிழ் தெரியாத மெகன், தன் பெயர் காதில் விழும்போதெல்லாம் தலையாட்டினார். இரண்டாவது கொலைக்கு எழுந்து நின்று கைகூப்பினார்.

சின்னராசா அங்கிள் ஓடிவந்து ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? குத்துவிளக்கு ஏத்தக் கொலைகாரியையோ கூட்டிக்கொண்டு வந்தனி?"

"அவ தண்டனையை அனுபவிச்சு முடிச்சிட்டா அங்கிள். மூண்டு வருசம்."

"இறங்கு கீழ."

நான் இறங்கவில்லை. எங்கிருந்து வந்த துணிவோ தெரியாது. வெள்ளைக்காரி என்றதும் சரி என்றவர், சிறை என்றதும் வேண்டாம் என்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையை விலக்கி, ஒலிவாங்கியில் சொன்னேன்:

"சிறையில, மறியலில இருந்தவை மேடையில இருக்கக் கூடாதெண்டா, நாங்களும் எழும்பிப் போவம். இங்க வாற வழியில பாங்கொக்கில உள்ளுக்கு இருந்தவை, மொஸ்கோவில இருந்தவை, ஊரில ஆமிக் காம்பில இருந்தவை எல்லாரும் எழும்புங்கோ. அங்கிள், நீங்களும் வாங்கோ. பிராங்க்ஃபர்ட்டில மூண்டு கிழமை இருந்தனீங்கள் எல்லோ?"

ஒருவரும் எழும்பவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர். பிறகு மண்டபமே தட்டியது. அம்மா மட்டும் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

அங்கிள் நல்ல மனுசன். கண் கலங்கிப்போய் மெகனிடம் சென்று, ஊரில் கிளார்க்காக இருந்தவருக்கே உரிய சுத்தமான ஆங்கிலத்தில், "அம்மா, நீங்கள் சிறையில் பட்ட துன்பத்தை நாங்கள் அறிவோம். கணவர்மாரைப் பற்றியும் எங்களுக்குக் குறை இல்லை" என்றார்.

"எந்தச் சிறை?" என்றார் மெகன். கொஞ்சம் யோசித்தார். "ஓ, அதுவா. அது புதன்கிழமைகளில் மட்டும்தான். எட்டு மணிக்கு. அதற்கு முன்னால் செய்தி போகும்."

அங்கிள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கழிந்துபோன சனிக்கிழமைகள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு விளங்கத் தொடங்கின. சிறையில் இருந்ததும் விஷம் வைத்ததும் டிவியில். தள்ளியது மேடையில். மேடைத் திரைக்குள் என்னைச் சுருட்டிக்கொள்ள முடியுமா என்று பார்த்தேன்.

நடந்ததை அங்கிள் சொல்லச் சொல்ல, மெகன் நிற்க முடியாமல் கதிரையில் இருந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கிக்கு வந்தார். மொழிபெயர்க்க அங்கிள் முன்னால் வந்தபோது, "இல்லை, அவள்தான்" என்று என் கையைப் பிடித்தார். இந்த முறை விளங்காத ஒவ்வொரு சொல்லையும், முந்நூறு பேரும் காத்திருக்க, கேட்டுக் கேட்டுச் சொன்னேன்.

"எனக்குச் சொந்தப் புருஷன் ஒருவர்தான். என் சூப்பை முப்பது வருடம் குடித்தும் நன்றாகத்தான் இருந்தார், மாரடைப்பில் போனார். லண்டனில் என்னை, 'உன் ஊர்ப் பேச்சை விட்டுவிடு, சீமாட்டி வேடம் தருகிறோம்' என்றார்கள். விடமாட்டேன் என்றேன். அதனால் நாற்பது வருடமும் சமையற்காரி, கைதி, கொலைகாரி. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சீமாட்டிகளைவிட அவர்களுக்குத்தான் நல்ல வசனங்கள்."

அதற்குக் கிடைத்த கைதட்டல் எனக்குக் கிடைத்ததைவிடப் பெரியது.

சபையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மன்றத்துக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். நான் மெகனிடம் மட்டும் கேட்டேன். சபையிடம் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கமாட்டேன். தகவல்தான் பிழை, சொன்ன நியாயம் சரி. அடுத்த வருடம் அங்கிளே டெலிபோன் எடுத்தார். "பிள்ளை, இறங்கெண்டு சொல்லியும் இறங்காமல் நிண்டனி. உனக்குச் சபைக்கூச்சம் இல்லை. ஒரு வேசம் இருக்கு, செய்யிறியோ?" அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் செய்தேன். இன்னும் செய்கிறேன்.

இங்கே பிறந்த என் மகள், இந்தக் கதையை என் கணவரிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருக்கிறாள். யாரை வீட்டுக்குக் கூட்டி வந்தாலும் வாசலிலேயே நின்று, "அம்மா, திஸ் இஸ் மை ஃபிரெண்ட். ஒருத்தரையும் கொல்லேல்லை, ஓகே?" என்பாள்.

"கொலை செய்திருந்தாலும் பரவாயில்லை," என்று நான் குசினிக்குள் இருந்து சொல்வேன். "உள்ள வந்து தேத்தண்ணி குடிக்கச் சொல்லு."