ஐந்து நட்சத்திர வெந்நீர்

எந்த வரைபடத்திலும் இடம் கேட்காத ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் சுடர்நாடு. அதன் மன்னர் தீபசேனர் நல்லவர். எல்லாத் தெருமுனையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

அந்த நாட்டில் கடைத்தெரு கிடையாது. முன்பு இருந்தது. ஆகாயச் சந்தை வந்த பிறகு ஒவ்வொரு கடையாகக் கதவடைத்துப் போயிற்று. ஆகாயச் சந்தையில் சாமான் வாங்குவது எளிது. உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிப் பலகையில் படத்தைத் தொட்டால் போதும். சில நாளில் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். விற்றவர் யார், எந்த ஊர், கெட்டுப்போனால் எங்கே போய்க் கேட்பது என்று யாருக்கும் தெரியாது. கேட்பது நாகரிகமில்லை என்றும் ஆகிவிட்டது.

வாங்கிய பொருளுக்கு நட்சத்திரம் போட வேண்டும். நன்றாக இருந்தால் ஐந்து, மோசமென்றால் ஒன்று. இந்த இடத்தில் சுடர்நாட்டு மக்களின் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீடு தேடி வந்தவர் முகம் வாடிப் போகக் கூடாது என்று நினைக்கிறவர்கள் அவர்கள். பெட்டியைச் சுமந்து வெயிலில் வந்த ஆள், "அஞ்சு போட்டுடுங்கம்மா, என் பொழப்பு இதுலதான் இருக்கு" என்று வாசலில் நிற்பார். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஐந்தையும் போட்டு, மோரும் கொடுத்து அனுப்புவார்கள். ஆகையால் சந்தையிலிருந்த அத்தனை பொருளும் ஐந்து நட்சத்திரப் பொருள்தான்.

மின்சாரத்தில் ஓடும் சாமான்களுக்கென்று அரசின் சோதனைச்சாலை ஒன்று இருந்தது. மிக்ஸியோ, அயர்ன் பாக்ஸோ, எதுவானாலும் அங்கே நனைத்துப் பார்ப்பார்கள், சூடேற்றிப் பார்ப்பார்கள், மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். அதன் பிறகே முத்திரை. இதற்கு நேரம் பிடித்தது. ஆகாயச் சந்தைக்காரர்களுக்கோ நேரமில்லை. எனவே சந்தை அமைச்சர் வாகீசர் ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மன்னர் பெருமானே, ஒரு பொருள் நல்லது என்று நாலு அதிகாரிகள் சொல்வது நம்பகமா, நாடே சொல்வது நம்பகமா?"

"நாடே சொல்வதுதான்."

"நாடு ஐந்து நட்சத்திரம் சொல்கிறது, பெருமானே."

"பிறகு அந்த நாலு பேருக்கு என்ன வேலை?" என்றார் மன்னர்.

சோதனைச்சாலை மூடப்பட்டது. கட்டடம் ஆகாயச் சந்தையின் கிடங்காயிற்று. முத்திரை தேவைப்படுவோர் தாங்களே அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம் என்று முதல் ஆணை பிறந்தது. குடிமக்களின் சுமை குறைந்தது என்று பறை அடித்துச் சொன்னார்கள்.

இனி மரகதம் என்ற பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் கணவன் தணிகாசலம் பால்காரன். விடியுமுன் குளித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போகிறவன். குளிருக்கு இதமாக இருக்கட்டுமென்று, வாளியில் தொங்கவிட்டுத் தண்ணீர் காய வைக்கும் ராடு ஒன்றை ஆகாயச் சந்தையில் வாங்கினான். அதற்கும் வாசலிலேயே ஐந்து நட்சத்திரம் போட்டான். மறுநாள் காலை இரும்பு வாளியின் கைப்பிடியைத் தொட்டவன் கையை எடுக்கவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு மரகதம் அந்த ராடைக் கையிலெடுத்துப் பார்த்தாள். பிளக்கில் மூன்று முள் இருந்தது. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்ப வேண்டிய மூன்றாவது முள், பித்தளை நிறம் பூசிய பிளாஸ்டிக். நகத்தால் சுரண்டியதும் நிறம் உரிந்து வந்தது.

பக்கத்து வீட்டுச் சொர்ணம் அப்போதுதான் பிள்ளை பெற்று வந்திருந்தாள். அவள் வீட்டிலும் அதே ராடு இருந்தது. தெரு முழுவதும் அதேதான், தள்ளுபடியில் வந்தது.

"சொர்ணம், அதை மாட்டிடாதடி. என் வீட்ல நடந்ததைப் பார்த்தேல்ல?"

"உங்களுது ஏதோ கோளாறா வந்துருக்கும்கா. என்னுது நல்ல ராடு. அஞ்சு நட்சத்திரம்."

"போட்டுப் பார்த்தியா?"

"இன்னும் பெட்டியே பிரிக்கலக்கா. மார்கழி வரட்டும், பிள்ளைக்கு வெந்நீர் வேணும்ல."

மார்கழிக்குள் அந்த ராடு சந்தையிலிருந்து போயாக வேண்டும். அதற்கு மேல் மரகதத்துக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. விற்றவரைத் தேடிப் பார்த்தாள். 'ஆதவ ஜோதி' என்ற கடை காணாமல் போயிருந்தது. அதே ராடு, அதே படம், 'புது ஆதவ ஜோதி' என்ற பெயரில் விற்பனையில் இருந்தது. அதற்கும் ஐந்து நட்சத்திரம்.

அவள் சபைக்குப் போனாள். அமைச்சர் வாகீசர் பொறுமையாகக் கேட்டார்.

"இதை வாங்கியவர் யார் அம்மா?"

"என் வீட்டுக்காரருங்க."

"வாங்கியவர்தான் நட்சத்திரத்தைக் குறைக்க முடியும். அவரை வரச் சொல்லுங்கள்."

"அவர் செத்துட்டாருங்க. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

"அப்படியானால் அவர் தரப்பில் குறை ஏதும் இல்லை." அமைச்சர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தலையாட்டினார். "இருந்தாலும் கேட்கிறேன், அவர் வாளியை ஏன் தொட்டார்?"

"குளிக்கிறதுக்குத்தாங்க."

இந்தப் பதில் சபையை யோசிக்க வைத்தது. அடுத்த வாரமே இரண்டாவது ஆணை வந்தது. குளிக்கும்போது எல்லாரும் ரப்பர் செருப்பு அணிய வேண்டும்; அணியாமல் ஷாக் அடித்தால் அபராதம். செருப்புக்கும் ஆகாயச் சந்தைக்குத்தான் போக வேண்டியிருந்தது. வந்த செருப்பு தண்ணீர் பட்டதும் அட்டையாக ஊறியது. ஆனால் வாசலில் ஐந்து நட்சத்திரம் போட்டாயிற்றே. வடக்குத் தெருவில் இரண்டு வீட்டில் சாவு விழுந்தது. இருவர் காலிலும் செருப்பு இருந்ததால் அபராதம் விதிக்கவில்லை என்று அரசு பெருந்தன்மையுடன் அறிவித்தது.

மரகதம் பால் விற்ற காசில் தானே ஒரு ராடு வாங்கினாள். வாசலில் நின்ற ஆளுக்கு மோர் மட்டும் கொடுத்தாள். நட்சத்திரத்தைக் குறைத்துப் போடுவதென்றால் சபையில்தான் போட வேண்டும் என்பதால், பெட்டியோடு மறுபடி அங்கே போனாள்.

"இப்ப நான்தாங்க வாங்கினவ. ஒரு நட்சத்திரம் போடணும்."

"உபயோகித்துப் பார்த்தீர்களா?"

"பார்த்திருந்தா இங்க வந்து நின்னிருக்க மாட்டேனே ஐயா."

வாகீசர் வருத்தத்துடன் கைகளை விரித்தார். "உபயோகிக்காமல் குறை சொன்னால் அது அவதூறு. ஒரு வியாபாரியின் வயிற்றில் அடிக்கலாமா?"

இந்த வழக்கில் மன்னர் முதல்முறையாக வாய் திறந்தார். "உபயோகித்தவர்களில் யாராவது குறை சொன்னார்களா?"

"ஒருவர்கூட இல்லை, பெருமானே."

"பிறகென்ன?" என்றார் மன்னர்.

அன்று மூன்றாவது ஆணை எழுதப்பட்டது. எதையும் உபயோகித்து முடித்தவரே குறை சொல்லலாம். மற்றவர் பேச்சு சபையேறாது. அதோடு மக்களின் பாதுகாப்புக்காகக் காலை வேளையில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்சாரம் எந்நேரம் வரும் என்று தெரியாமல் எல்லாரும் ராடை மாட்டியே வைத்திருக்கத் தொடங்கினார்கள்.

மார்கழி நெருங்கியது. அந்த நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மன்னருக்கும் நட்சத்திரம் போடுவது வழக்கம். ஆட்கள் வீடுவீடாக வருவார்கள். வந்தவர் முகம் வாடக் கூடாதென்று மக்கள் ஐந்தையும் போட்டு அனுப்புவார்கள். இந்த முறை மரகதத்தின் தெருவுக்கு வாகீசரே நடந்து வந்தார். புழுதியில் கால் சிவந்திருந்தது. தெருவே கூடி நின்றது. சொர்ணம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"வாங்கய்யா, வாங்க," என்றாள் மரகதம். "கால் கழுவிக்குங்க. தண்ணி அந்த வாளியில இருக்கு."

வாசலில் இரும்பு வாளி இருந்தது. அதில் ராடு தொங்கியது. குனிந்த அமைச்சர் அப்படியே நின்றார். சுவிட்ச் போடப்படவே இல்லை. அவர் சுவிட்சைப் பார்க்கவில்லை. ராடை மட்டும்தான் பார்த்தார்.

"வேண்டாம் அம்மா. கால் சுத்தமாகத்தான் இருக்கிறது."

"அஞ்சு நட்சத்திர ராடுதாங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும்." அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

யாரோ ஒரு பெண் சிரித்தாள். சொர்ணம் சிரிக்கவில்லை. அமைச்சரின் காலையும் வாளியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ராடு இருந்தது. அதைத் தெருவோரம் போட்டாள். எதிர்வீட்டுக்காரர் போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ராடு வந்து விழுந்தது.

வாகீசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் வந்தது மன்னருக்கு நட்சத்திரம் வாங்க. வழக்கம்போல ஐந்தையும் போட்டுவிட்டால் நான் கிளம்புவேன்."

"வழக்கம்போல எப்படிங்க?" என்றாள் மரகதம். "உபயோகிச்சவங்கதான் குறை சொல்லலாம்னு ஆணை இருக்குல்ல? நாங்க அஞ்சு வருஷமா உபயோகிச்சுட்டோம். இன்னும் சாகாமத்தான் நிக்கிறோம்."

கூட்டத்தில் சிரிப்பு பரவியது. அமைச்சர் சபையில் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"தாயே, ஆகாயச் சந்தையின் விதியையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியைப் பிரித்து இத்தனை நாள் உபயோகித்த எதையும் திருப்பி எடுத்துக்கொள்வது கிடையாது!"

"திருப்பியெல்லாம் அனுப்ப வேணாம் ஐயா," என்றாள் மரகதம். "மறுபடி வாங்காம இருந்தாப் போதும்."

மார்கழி முதல் நாள் காலையில் அந்தத் தெருவின் எல்லாக் கூரையிலிருந்தும் விறகுப் புகை எழுந்தது. சொர்ணம் தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள்.