ஜாக்கும் ஒன்பதும் தந்த எஞ்சின்

அன்பு மிகுந்த மருமகள் லோஜனாவுக்கு,

ஊர்காவற்துறையிலிருந்து மாமன் மரியநாயகம் எழுதுவது. மாதா கிருபையால் நானும் மாமி நிமலினியும் நல்ல சுகம். பரிஸ் நகரத்தில் நீரும் குளிருக்கு மூக்குச் சிந்தாமல் இருக்கிறீர் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போக்கர் என்ற கடதாசி விளையாட்டைப் பற்றிப் போனில் நீர் பேசி அனுப்பியதையெல்லாம் "ஒருதருக்கும் தெரியாமல் கேளுங்கோ மாமா" என்றீர். எஞ்சின் சத்தத்தில் காது பழுதான மனிசன், அனலைதீவுக்குப் போகிற பயணப் படகில் இருந்து முழுச் சத்தத்தில் விட்டுக் கேட்டேன். எனக்கு எட்டியதோ இல்லையோ, படகிலிருந்த அத்தனை பேருக்கும் எட்டியது. இறங்கும்போது ஒரு மனிசி, "அந்தப் பிள்ளையின்ரை அடுத்த பாடம் எப்ப வரும் அண்ணை?" என்று கேட்டா. அதனால்தான் இந்த முறை போனை விட்டுப் பேனையைத் தூக்கினேன். அஞ்சாம் வகுப்போடு கடலுக்குப் போனவன், பிழைகளை நீரே திருத்தி வாசியும்.

என் வள்ளத்து எஞ்சின் செத்தது உமக்குத் தெரியும். அன்றிலிருந்து மாமியின் தம்பி ஜோர்ஜின் வள்ளத்தில்தான் வலை இழுத்தேன். கரைக்கு வந்தால், "அத்தான், முதலாளிக்குத் தேத்தண்ணி ஊத்தும் பாப்பம்" என்பான். முதலாளி அவன்தானாம். இந்த நேரத்தில் சுவிசிலிருந்து வந்த ஜெயரூபன் விளையாட்டுக் கழகத்தில் போக்கர் போட்டி வைத்து, வெல்கிறவருக்குப் புது எஞ்சின் என்றதும், எனக்கென்றே கடவுள் அவனைப் பிளேனில் ஏற்றினார் என்று நினைத்துத்தான் உம்மிடம் பாடம் கேட்டேன். காசு வைத்து ஆடக் கூடாதென்று பங்குத்தந்தை சொன்னதால், காசுக்குப் பதிலாய் எல்லாருக்கும் ஒரே அளவில் சோகிச் சிப்பியைக் குவித்துத் தந்தார்கள்.

நீர் படிப்பித்தது தலையில் நன்றாக நின்றது. குவியல் பெரிதென்றால் மற்றவனை நெருக்கு. நடுத்தரமென்றால் நல்ல கடதாசி வரும்வரை பொறு. சிறுத்துப்போனால் காத்திருந்து கரையாதே, முதல் நல்ல கடதாசிக்கு முழுவதையும் தள்ளு. என்ன பிரச்சினையென்றால், மேசையில் இருந்த எல்லாரும் அந்தப் படகில் வந்தவர்கள். தொடக்கத்தில் எல்லாருக்கும் நடுத்தரக் குவியல், ஆகையால் எல்லாரும் பொறுத்தோம். கடதாசியைப் பார்ப்பதும் கவிழ்ப்பதுமாய் இருக்க, ஜெயரூபன் தலையில் கை வைத்தான்.

"அண்ணைமார், இது விளையாட்டோ, செத்தவீடோ?"

"லோஜனாப் பிள்ளை பொறுக்கச் சொன்னவ," என்று மேசையே ஒரே குரலில் சொன்னது.

ஆனால் சுற்றுக்குச் சுற்று கட்டாயமாய்ப் போடவேண்டிய சோகி கூடிக்கொண்டே போக, எல்லாரும் சிறுத்து, எல்லாரும் தள்ளி, ஒவ்வொருவராய் எழும்பிப் போக, மிஞ்சியது குருநாகலில் கடை வைத்திருந்த மயில்வாகனம் அண்ணையும் நானும். அவருக்கு முன்னால் மலை. எனக்கு முன்னால் ஒரு கைக்குள் அடங்கும் சிரங்கை. அப்போதுதான் என் கைக்கு ஜாக்கும் ஒன்பதும் வந்தது.

மருமகள், நீர் சிரிக்கக் கூடாது. நாங்கள் மீசை முளைக்க முதலே ஆடத் தொடங்கியது முந்நூற்றி நாலு. அதில் ஜாக்தான் எல்லாத்துக்கும் பெரிசு, அடுத்தது ஒன்பது. ஆசும் ராசாவும் அவைக்குக் கீழைதான். போக்கரில் அப்படி இல்லையென்று நீர் சொன்னது சந்தோசத்தில் மறந்துபோச்சு. "முழுசும்!" என்று தள்ளினேன். அண்ணையும் "வாரும் பாப்பம்" என்று ஈடாய்ச் சோகியைத் தள்ளினார். நான் கடதாசியைத் திறந்து வைத்தேன். அண்ணையின் முகம் கறுத்தது. "ஐயோ, பெரிசு ரண்டும் உம்மட்டையோ!" என்று தன் கடதாசியை எறிந்து மற்றதுகளோடு கலந்துவிட்டார். எறிந்தால் தோல்விதான், அது சட்டம். அவர் எறிந்தது போக்கரில் பெரிசான ஆசும் ராசாவும் என்று அப்போது பின்னால் நின்ற ஜெயரூபனுக்கு மட்டும்தான் தெரியும், எனக்கு எல்லாம் முடிந்தபிறகுதான் சொன்னான். அவன் திறந்த வாயை மூட மறந்துபோனான்.

அதற்குப்பிறகு மலை மெல்ல மெல்ல என் பக்கம் நகர்ந்தது. நீர் சொன்னபடி நெருக்கினேன். "அந்த ஜாக், அந்த ஜாக்" என்று புலம்பிப் புலம்பியே அண்ணை தோற்றுப்போனார்.

பிள்ளை, இந்த வயதில் மச்சான்காரன் சொல்லுக்கு வலை இழுத்தவன், இனித் தன் வள்ளத்தில் தான் நினைத்த பக்கம் போகலாம் என்றால் அது எப்படியிருக்கும் என்று எழுத எனக்குப் படிப்புக் காணாது. அந்த எஞ்சினில் பாதி உம்முடையது. எந்தப் பாதி வேண்டுமென்று நீரே சொல்லும்.

கடதாசியிலும் கலியாணத்திலும் உமக்கு நல்லதே விழ மாதாவை மன்றாடுகிறேன். உம்முடைய அம்மா றோஸ் அக்காவுக்கு இதைக் காட்டவேண்டாம். மகள் இரவிரவாய்க் கணக்குப் படிக்கிறாள் என்று அக்கா போன் எடுத்து ஊரெல்லாம் சொல்லிவிட்டா.

என்றும் நன்றி மறவாத மாமன்,
மரியநாயகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் எஞ்சினை வள்ளத்தில் ஏற்ற, வள்ளம் கட்டும் ஜெற்றிக்குப் போனோம். ஜோர்ஜிடம் "கொஞ்சமாய்த் தள்ளு" என்றேன். அவனும் அன்றைக்குப் பயணப் படகில் இருந்தவன்தான். முழுவதையும் தள்ளினான். எஞ்சின் இப்போது வள்ளத்துக்கும் ஜெற்றிக்கும் நடுவில் இரண்டு பாகம், அதாவது ரண்டு ஆள் ஆழத்தில் கிடக்கிறது. உம்முடைய பாதியும் அங்கேதான்.