பாட்டு நின்றது, மெஷினும் நின்றது

காலை ஒன்பது மணி. ஐந்து மா நிலத்தில் குறுவை நெல். அறுவடை மெஷின் டிரைவரின் பெயர் மாதேஸ்.

அன்று எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. பத்திரிகைக்கு வாரக் கட்டுரையை அனுப்ப வேண்டும். எழுதி முடித்தது லேப்டாப்பில் தயாராக இருந்தது.

நீடாமங்கலம் பக்கம், எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே வயல். அறுவடையை என் மனைவி வசந்தா பார்த்துக்கொள்வாள். நிலம் அவள் அப்பா கொடுத்தது. அதில் எனக்குள்ள ஒரே உரிமை, வரப்பில் நின்று கருத்துச் சொல்வது. அதையும் போன வருஷம் பறித்துவிட்டாள்.

கட்டுரையை அனுப்பிவிட்டு எழுந்திருக்கலாம். அதற்குள் 'அப்டேட் வந்திருக்கிறது' என்றது திரை. சும்மா வருவதை விடுவானேன்!

நான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஆள். மற்றவர்களைப் பார்த்து இரக்கப்படுவதே எனக்கு அதில் பாதி சுகம். அப்டேட் நடுவில் ஏதோ கேட்டது. பூட்லோடரை, அதாவது லேப்டாப்பைத் தட்டி எழுப்பும் சின்ன நிரலை, எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேள்வி. முப்பது வருஷம் பத்திரிகையில் பிறர் எழுதியதை வரிவரியாகத் திருத்தியவன், அந்த ஒரு வரியைப் படிக்காமல் என்டரைத் தட்டினேன்.

ரீஸ்டார்ட். கறுப்புத் திரை. 'கிரப் ரெஸ்க்யூ' என்று இரண்டே வார்த்தை. யாரோ காப்பாற்ற வருகிறார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

யாரும் வரவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மச்சான் மகன் கார்த்திக்குப் போன் போட்டேன்.

"அப்டேட் நடுவுல ஏதாச்சும் கேட்டுச்சா மாமா?"

"ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டிருக்கும் மாமா. சரி, ஒரு பென்டிரைவ்ல லினக்ஸை ஏத்தி, அதுலேர்ந்துதான் கிளப்பணும். பென்டிரைவ் இருக்கா?"

வீட்டில் இல்லை. வயலில் இருந்தது. மெஷின் கேபினில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. மாதேஸ் ஆத்தூர்க்காரர். அறுவடைக் காலம் முழுக்க டெல்டாவில் வண்டியே வீடு என்று கிடப்பவர். டீக்கு நிறுத்தியபோது கேட்டேன்.

"சீக்கிரம் குடுத்துருவீங்களா சார்? பூராம் பாட்டுங்க. வருசக்கணக்கா சேத்ததுங்க."

"பத்திரமா வரும் தம்பி."

கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் கலைச்செல்வி அதைச் செருகிப் பார்த்தார்.

"லினக்ஸ் ஏத்துனா உள்ள இருக்குற பாட்டெல்லாம் போயிடும் சார். பரவாயில்லையா?"

"அவர்கிட்ட வேற காப்பி இருக்கும்மா. ஏத்துங்க."

இந்தத் தகவலை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆதாரமில்லாமல் எழுதியதற்காக எத்தனை நிருபர்களைக் கடிந்திருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து, கார்த்தி போனில் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"இப்ப டிஸ்க் பேரு குடுக்கணும் மாமா. எது லேப்டாப்போடதுன்னு பாத்துக் குடுங்க."

"தெரியும்டா."

ரீஸ்டார்ட். லேப்டாப் எழுந்தது. கட்டுரை பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு, அழகு பார்க்க இன்னொரு தரம் ரீஸ்டார்ட் செய்தேன்.

கறுப்புத் திரை.

"மாமா, பூட்லோடரைப் பென்டிரைவுலயே போட்டுட்டீங்க. இனிமே அதைச் செருகினாத்தான் லேப்டாப் எழுந்திரிக்கும்."

அப்போதுதான் கவனித்தேன். வயலில் மெஷின் சத்தம் இல்லை.

வாசலில் மாதேஸ். அவருக்குப் பின்னால் வசந்தா. அவளுக்குப் பின்னால் கிழக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"பாட்டு இல்லாம கண்ணு சொக்குதுங்க சார். நேத்து ராவெல்லாம் பக்கத்து ஊர்ல அறுத்தேன். அசந்தன்னா வண்டி வாய்க்கால்ல எறங்கிரும்."

"போன்ல கேளுங்களேன் தம்பி."

"அந்த இரைச்சல்ல போன் கேக்குமாங்க?"

"ஏங்க, அதைக் குடுங்க" என்றாள் வசந்தா.

"இது இல்லாட்டி லேப்டாப் ஓடாது வசந்தா."

"இது இல்லாட்டி மெஷின் ஓடாது. மழை புடிச்சா நெல்லு சாஞ்சு வயல்லயே முளைச்சுடும். உங்க லேப்டாப் முளைக்குமா?"

கொடுத்தேன். மாதேஸ் கேபினில் செருகினார். பாட்டு வரவில்லை. உள்ளே இருந்தது லினக்ஸ். அதற்குப் பாடத் தெரியாது.

"சார், என் பாட்டெல்லாம் எங்கங்க?"

மந்திரிகளை மடக்கிக் கேள்வி கேட்டவன் நான். ஸ்பீக்கர் வயரைச் சரிபார்ப்பவன்போல் குனிந்துகொண்டேன்.

"வேற காப்பி கீப்பி இருக்கா தம்பி?" என்று வசந்தா கேட்டாள்.

"இல்லீங்கக்கா."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஸ்கூட்டர் தானாகக் கடைத்தெருவுக்குக் கிளம்பியது.

"டிராக்டர்காரங்க எல்லாம் நம்மகிட்டதான் பாட்டு ஏத்துவாங்க. இப்பவே தர்றேன் சார்" என்றார் கலைச்செல்வி. "ஆனா இதை அழிச்சா உங்க லினக்ஸ் போயிடுமே. புதுசு ஒண்ணு எடுத்துக்கங்களேன்."

அவர் தலைக்கு மேலே, மளிகைக் கடை ஷாம்பூ போல, பென்டிரைவுகள் சரம் சரமாகத் தொங்கின.

"இதைக் காலையிலயே சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க கையில ஒண்ணோட வந்தீங்க. கேக்கலையே சார்."

புதுசில் பாட்டு ஒலித்து மெஷின் கிளம்பும்போதே தூறல் விழுந்தது. நாலு மா கரையேறியது. ஐந்தாவது மா மழையில் படுத்துவிட்டது.

ஆயுத பூஜையன்று அரிவாள், மண்வெட்டி, மருந்தடிக்கும் ஸ்பிரேயர் வரிசையில், சம்பா அறுவடைக்கென்று தானே பாட்டு ஏற்றி வாங்கிய பென்டிரைவையும் வைத்து வசந்தா சந்தனப் பொட்டு இட்டாள். லேப்டாப்புக்கு இடவில்லை.