அத்தை பேரில் ஒரு தூண்டில்

"இந்த ரெண்டாவது தூண்டில் யாரோடது சார்?"

முதுகுப் பக்கமிருந்து குரல் வந்ததும் மாப்பிள்ளை தொப்பியைச் சரிசெய்துகொண்டார். திரும்பினால் ஏரிக் காவலர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் விசில், கையில் அளவுகோல்.

"அது என் அத்தையோடது. மாமியார். லைசென்ஸ் இருக்கு, பாருங்க."

இருந்தது. ஆளுக்கு ஒரு தூண்டில்தான் என்பது அந்த ஏரியின் சட்டம். அறுபது தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் இலவசம் என்பது இன்னொரு சட்டம். இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஒரே ஆள் இரண்டு தூண்டில் போட வழி கண்டுபிடித்த மூளை நம்ம மாப்பிள்ளையுடையது. முதலில் மாமனாரைத்தான் கேட்டார். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "என்னை விட்டுடுங்க மாப்ள. அத்தையைக் கேளுங்க" என்றுவிட்டார்.

"லைசென்ஸ் சரி. ஆள் எங்க?" என்றார் காவலர்.

"வீட்ல."

"லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்க தூண்டில் பக்கத்துலயே உக்காந்திருக்கணும். போர்டுல போட்டிருக்கு. நீங்க ஒருத்தரே ரெண்டு போடறீங்கன்னு போன்ல புகார் வந்திருக்கு."

புகார் என்ற வார்த்தை மாப்பிள்ளைக்குப் புதிதல்ல. மின்சார ஆபீசில் புகார்ப் பிரிவில்தான் அவருக்கு வேலை. கரண்ட் போனவனெல்லாம் வாரம் முழுக்க அவர் காதில்தான் கத்துவான். வீட்டுக்கு வந்தால் அத்தை. அத்தை மெதுவாகப் பேசினாலே எதிர்வீட்டில் பதில் சொல்வார்கள். வீட்டோட மாப்பிள்ளை, எங்கே ஓடுவது? ஞாயிற்றுக்கிழமை இந்த ஏரிக்கரை ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த அமைதி. இதுவும் போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அதற்காக அவர் வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். அமைதியின் அருமையைப் பற்றிக் காலையில் ஆரம்பித்தாரானால் எதிரில் இருப்பவர் காபி ஆறிப்போகும். ஏரிச் சட்டம் அத்தனையும் வீட்டில் தினம் ஒப்பித்தாகும். அவற்றில் ஒன்றையாவது கடைப்பிடிப்பது வேறு விஷயம்.

"அத்தை வாரா வாரம் வர்றவங்கதான் சார். இன்னிக்கு முட்டி வலி" என்று அவிழ்த்துவிட்டார் மாப்பிள்ளை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உள்ளதைச் சொன்னா, எனக்குத் தூண்டில் பிடிக்கக் கத்துக்கொடுத்ததே அவங்கதான். நான் சும்மா கூடமாட ஒத்தாசைக்கு."

காவலர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிப்பட்டவங்களை நேர்ல பாக்கணுமே. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. வரலைன்னா ரெண்டு லைசென்ஸும் ரத்து."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மாப்பிள்ளை தவளைக்கே டியூஷன் எடுக்கக்கூடியவர்.

வீட்டில் அன்று முழுக்க அத்தையின் பின்னாலேயே சுற்றினார்.

"அடுத்த ஞாயிறு நீங்க ஏரிக்கு வரணும் அத்தை. சும்மா உக்காந்தாப் போதும்."

"நான் எதுக்கு மாப்பிள்ளை? மீன் நாத்தம் எனக்கு ஆகாது."

"தள்ளி உக்காந்துக்கலாம். இல்ல, பக்கத்துலதான் உக்காரணும், அதுதான் சட்டம். மூக்கைப் பொத்திக்கங்க."

மனைவி அவரைச் சமையலறைக்குள் இழுத்துக் காதோடு கேட்டாள். "ஏங்க, எங்கம்மா சத்தம் தாங்காமத்தானே ஏரிக்கு ஓடறீங்க? இப்ப அவங்களையே தூக்கிட்டுப் போறீங்களா?"

"ஒரே ஒரு நாள்தான். காவலர் கண்ணுல காட்டிட்டுக் கூட்டிட்டு வந்துடறேன்."

அப்போது கூடத்தில் ஓர் அதிசயம் நடந்தது. மாமனார் வாயைத் திறந்தார். "போயிட்டுத்தான் வாயேன். காத்தாட இருக்கும்."

அவர் சொன்ன பிறகு அத்தையால் தட்ட முடியவில்லை.

மடக்கு நாற்காலி, குடை, பிளாஸ்க் சகிதம் அத்தை ஏரிக்கரையில் எழுந்தருளினார். முதல் வேலையாக அறிவிப்புப் பலகையை வாய்விட்டுப் படித்தார். அக்கரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அன்றுதான் சட்டம் முழுசாகத் தெரிந்தது. ஒருவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியே போனார்.

மாப்பிள்ளை அத்தையின் தூண்டிலில் புழுவைக் கோத்துக் கையில் கொடுத்தார். "அத்தை, பேசினா மீன் வராது."

"ஏன், அதுக்குக் காது கேக்குமா?"

அவர் பதில் யோசிப்பதற்குள் தக்கை முங்கியது. அத்தை இழுத்தார். முழங்கை நீளத்தில் ஒரு மீன் புல்லில் வந்து விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி ஒன்று. மாதக்கணக்கில் இரண்டு தூண்டிலோடு உட்கார்ந்து வெறும் பாசியை இழுத்த மாப்பிள்ளைக்கு நெஞ்சு எரிந்தது.

"ஒரு நாளைக்கு ஆளுக்கு ரெண்டுதானாம், போர்டுல போட்டிருக்கு" என்று தூண்டிலைக் கீழே வைத்தார் அத்தை. "என் வேலை முடிஞ்சுது. இனி உங்களுக்குப் பேச்சுத்துணைக்கு இருக்கேன்."

இருந்தார். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் தொடங்கி அது விவாகரத்தில் முடிந்தது வரை வந்தபோது, மாப்பிள்ளையின் தக்கை லேசாக ஆடியது. இழுத்தால், ஒரு சாண் கூட இல்லாத குஞ்சு. சாணுக்குக் குறைந்தால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மாப்பிள்ளை அதை வாலும் தலையுமாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மீன் நீளவில்லை.

"சின்னது மாப்பிள்ளை. விட்டுடுங்க" என்று அத்தை ரகசியம் சொன்னார். கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

தூரத்தில் காவலர் இவர்களை நோக்கி நடந்துவந்தார். அத்தை இரண்டு மீன் பிடித்திருக்கத் தான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதா? மாப்பிள்ளை மீனைத் தலையில் வைத்துத் தொப்பியால் மூடிக்கொண்டார்.

"வணக்கம்மா" என்றார் காவலர். "சாருக்குத் தூண்டில் கத்துக்கொடுத்தவங்க நீங்கதானா?"

"நானா? நான் தூண்டிலைத் தொட்டதே இன்னிக்குத்தான் தம்பி."

காவலர் மெதுவாக மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "சார், தொப்பி ஆடுது."

"காத்து."

"காத்தே இல்லியே. கழட்டுங்க."

கழற்ற வேண்டிய வேலையை மீன் வைக்கவில்லை. தொப்பியைத் தள்ளிக்கொண்டு துள்ளி, காவலரின் சட்டையில் மோதி, நேராக ஏரிக்குள் போய்விட்டது. மாப்பிள்ளையைவிட அதற்குச் சட்டம் தெரிந்திருந்தது.

"இந்த சீசன் முழுக்க உங்க லைசென்ஸ் ரத்து. ஏரிப் பக்கமே வரக்கூடாது."

"அத்தையோடது?"

"அம்மா மேல என்ன தப்பு? அளவு சரி, எண்ணிக்கை சரி, தூண்டிலை விட்டு நகரவும் இல்ல. அவங்க தாராளமா வரலாம்."

அடுத்த ஞாயிறு அத்தை வந்தார். அதாவது, ஏரிக்கு. நாற்காலியையும் குடையையும் மகளிடம் தூக்கக் கொடுத்து, "சாயங்காலம்தான் வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மீன் நாற்றம் இப்போது அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். இத்தனை வருஷம் மாப்பிள்ளை ஏங்கிய அதே அமைதி. மாமனார் சாய்வு நாற்காலியில் கால் நீட்டி, பேப்பரை விரித்து, காபியை எடுத்து ஒரு வாய் வைத்தார்.

மாப்பிள்ளை ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா மாமா அநியாயத்தை? ஒரு சாண் மீனுக்கு ஒரு சீசன் தடையா? சட்டம்னா மனுஷனுக்காகத்தானே? அமைதின்னா என்னன்னு அந்தக் காவலருக்குத் தெரியுமா? நான் சொல்றேன் கேளுங்க, அமைதி இருக்கே..."

மாமனார் ஒரு பக்கம் புரட்டினார். மாப்பிள்ளை அமைதியின் வகைகளைச் சொல்லி முடித்து, அதன் பயன்களுக்கு வந்தார். மாமனார் காபியைக் கீழே வைத்தார். அது ஆறியிருந்தது.

"எல்லாத்துக்கும் காரணம் அந்த போன்தான் மாமா. எந்தப் படுபாவி பண்ணினான்னு மட்டும் தெரியட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு."

மாமனார் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"நான்தான் மாப்ள பண்ணேன், நீங்க அத்தையையும் கூட்டிட்டு ஏரிக்குப் போயிட்டா ஞாயித்துக்கிழமையாவது நிம்மதியாப் பேப்பர் படிக்கலாம்னு பாத்தேன், அவளை அங்க வெச்சுக்கிட்டு உங்களைத் திருப்பி அனுப்புவாங்கன்னு நான் கண்டேனா?"