பூர்வீகப் படிவம்

எந்த ஒரு வட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு நிர்வாகி வேண்டும். இல்லாவிட்டால் காலை வணக்கத்துக்குக்கூட ஒழுங்கு இல்லாமல் போய்விடும். இதைப் பாரிசின் லாச்சப்பல் பகுதியில் முழுமையாக உணர்ந்தவர்கள் ஆபிரிக்க நாடு ஒன்றைச் சேர்ந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நாட்டின் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பந்தான். சொன்னால், ஏன் அந்த உச்சரிப்பில் சொன்னேன் என்று மூன்று பக்கத்திலிருந்தும் கேட்பார்கள்.

மூன்று பக்கம் என்றால் மேட்டுப் பக்கம், ஆற்றுப் பக்கம், கடல் பக்கம். நாட்டில் இவர்கள் ஒரே பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு போய்வந்தவர்கள். பாரிசுக்கு வந்து, கையில் நல்ல போன் கிடைத்த பிறகுதான் தாங்கள் வேறு வேறு இனம் என்பது அவர்களுக்குத் தெளிவாகியது.

குழுவின் பெயர் 'ஒரே மண், ஒரே மக்கள்'. ஒருநாள் காலை யாரோ மேட்டு மொழியில் வணக்கம் சொன்னார். நாட்டில் தேர்தல் வருகிற நேரத்தில் இது வணக்கம் அல்ல, பிரசாரம் என்றது ஆற்றுப் பக்கம். மத்தியானம் ஒருத்தி பொரித்த வாழைக்காய்ப் படம் போட்டாள். அது யாருடைய பாரம்பரிய உணவு என்று இருநூற்று நாற்பது செய்திகள் வந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கமும் தன் மூதாதையர் உடுத்த துணியை உடுத்திப் படம் மாற்றத் தொடங்கியது. மூன்று மூதாதையரின் துணியும் ரூ பஜோல் தெருவில் இரத்தினத்தின் துணிக்கடைக்கு ஒரே பெட்டியில் வந்து இறங்கியவை. இரத்தினம் நம்முடைய ஆள். தமிழ்ச் சங்கத்தின் செயலாளரும்கூட.

இரண்டு நிர்வாகிகள் ராஜினாமா செய்தார்கள். மூன்றாமவர் போன் நம்பரையே மாற்றிக்கொண்டார்.

அந்தக் குழுவில் ஒரேயொரு வெளியாள் இருந்தார். வின்சன்ற். வயது ஐம்பத்தேழு, மன்னார்ப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு தமிழ்க் கடையில் கருவாடும் மரவள்ளியும் விற்கிறவர். புகைபோட்ட மீன் வந்தால் அறிவிக்கட்டும் என்று அவருடைய வாடிக்கையாளர் லியோனல்தான் அவரைச் சேர்த்துவிட்டார். லியோனல் பஸ் சாரதி, மேட்டுப் பக்கம். கடையில் நிற்கும்போது பரம சாது. குழுவில் ஆற்றுப் பக்கத்தாரை அவர் திட்டுகிற திட்டில் போனே சூடாகும்.

லியோனல் எழுதினார்: "மிஸ்யூ வின்சன்றை நிர்வாகியாக முன்மொழிகிறேன். நம்மில் எவரையும் அவர் மற்றவரைவிடக் கூடுதலாக நம்புவதில்லை. எல்லோருக்கும் ஒரே தராசில்தான் மீன் நிறுக்கிறார்."

முந்நூறு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் மனைவி மேரிறோஸ். "அவையின்ர சண்டைக்குள்ள நீங்கள் ஏன் போறியள்?"

"சண்டை இல்லை. நிர்வாகம்," என்றார் வின்சன்ற்.

வின்சன்றுக்குத் தெரிந்த நிர்வாகம் ஒன்றே ஒன்றுதான்: பிரிபெக்தூர். விசாக் காகிதத்துக்காகப் பதினொரு வருடம் அங்கே வரிசையில் நின்றவர். அந்த அலுவலகத்தை எவ்வளவு வெறுத்தாரோ அவ்வளவு மனப்பாடமாக அறிவார். எனவே பதவியேற்ற மூன்றாம் நாள் பின்வரும் அறிவித்தல் வெளியானது:

"சகல அங்கத்தவர்களும் புதிதாகச் சேர விரும்புவோரும் பூர்வீகப் படிவத்தை நிரப்புதல் வேண்டும். தகப்பன் ஊர், தாத்தா ஊர், வீட்டு மொழி என்பன குறிப்பிடப்படல் வேண்டும். பக்கம் என்பதன்கீழ் ஒரு பெட்டியில் மாத்திரமே புள்ளடி இடலாம். விண்ணப்பங்கள் செவ்வாய், வியாழன் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை பரிசீலிக்கப்படும்."

படிவம் வந்தால் குழுவை விட்டு ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்றுதான் மேரிறோஸ் நினைத்தாள். ஒருவரும் ஓடவில்லை. தாத்தாவின் ஊர் தெரியாதவர்கள் நாட்டுக்குப் போன் எடுத்து விசாரித்தார்கள். தாத்தாவே தெரியாதவர்கள் ஒருவரைத் தெரிவுசெய்தார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒவ்வொருவருக்கும் வின்சன்ற் ஒரு சான்றிதழ் கொடுத்தார். முத்திரைக்குக் கடையின் றப்பர் முத்திரை. நடுவில் ஒரு இறால் படம். இறால் போட்ட சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர்களும் உண்டு. அந்த இறால் தங்கள் பக்கத்தின் புராதன சின்னம் என்று கடல் பக்கம் உரிமை கோரியது.

குறையுள்ள விண்ணப்பங்களுக்கு வின்சன்ற் ஒரே பதில் அனுப்பினார்: "கோப்பு முழுமையில்லை." முதல் தடவை அதை எழுதியபோது உடம்பில் ஒரு குளிர்ச்சி பரவியதாக அவரே மேரிறோசிடம் சொல்லியிருக்கிறார். பதினொரு வருடமாக மற்றவர்கள் அவருக்குச் சொன்ன வசனம் அது.

ஆரெலி என்ற பெண்ணுக்கு அந்தப் பதில் மூன்று தடவை போனது.

நாலாவது தடவை அவள் கடைக்கே வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும். வேலைக்குப் போகிற உடுப்பு, தூங்காத கண். அந்த நேரம் லியோனல் கடையின் பின்பக்கம் குனிந்து நின்று மீன் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கள்தானே நிர்வாகி?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "என்னை ஏன் சேர்க்கவில்லை?"

வின்சன்ற் கண்ணாடியைப் போட்டுப் போனைப் பார்த்தார். "நீங்கள் இரண்டு பெட்டியில் புள்ளடி போட்டிருக்கிறீர்கள்."

"அப்பா மேட்டுப் பக்கம். அம்மா ஆற்றுப் பக்கம். வேறு என்ன செய்வது?"

"ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்."

"ஐயா, எனக்கு உங்கள் குழு வேண்டாம். ஆற்று மொழி தெரிந்த ஒரு ஆள் வேண்டும். ஒரே ஒரு ஆள்."

பிறகு நின்ற நிலையிலேயே விஷயத்தைச் சொன்னாள். அவள் ஆறு வயதில் தகப்பனோடு வந்து பாரிசுக்கு வெளியே எபினேயில் வளர்ந்தவள். தாய் நாட்டிலிருந்து வந்து மூன்று மாதந்தான் ஆகிறது. தாய்க்குப் பிரெஞ்சு தெரியாது. மகளுக்கோ தாயின் மொழியில் சாப்பாடு, தண்ணீர், நித்திரை தவிர ஒன்றும் மிச்சமில்லை. இப்போது தாய் ஆஸ்பத்திரியில். நாளைக் காலை வயிற்றில் ஒப்பரேஷன். ஆனால் தாதி கிட்டப் போனாலே கையை இழுத்து மறைத்துக்கொண்டு அழுகிறாள். நோயாளி சிகிச்சையை மறுக்கிறார் என்று டொக்டர் எழுதிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் வர இரண்டு கிழமை ஆகுமாம். வயிறு இரண்டு கிழமை பொறுக்காதாம்.

"பாருங்கள், அம்மா என்ன சொல்கிறாள் என்று பதிவுசெய்து வைத்திருக்கிறேன்," என்று போனில் அதைப் போட்டாள்.

ஒரு கிழவியின் அழுகைக் குரல் கருவாட்டுப் பெட்டிகளுக்கு மேலாகப் போனது. வின்சன்றுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குரல் முடிந்ததும் பின்பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"அவர் மறுக்கவில்லை," என்றார் லியோனல். கையில் மீனோடு அப்படியே நின்றார். "மோதிரத்தை வெட்டவேண்டாம் என்கிறார். விரல் வீங்கிவிட்டதாம், கழற்ற முடியவில்லையாம். செத்துப்போன மனிசன் போட்ட மோதிரமாம். சவர்க்காரம் போட்டால் வரும், ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை என்கிறார்."

ஆரெலி அங்கேயே ஒரு மரவள்ளிப் பெட்டியின்மேல் குந்திவிட்டாள்.

வின்சன்றுக்கு வாயில் வந்தது நிர்வாகம்தான். "ஆனால் உம்முடைய படிவத்தில் வீட்டு மொழி மேட்டு மொழி என்றல்லவா போட்டிருக்கிறது?"

"என் அம்மா ஆற்றுப் பக்கம்," என்றார் லியோனல். "ஒரு பெட்டிதானே இருந்தது."

மீனை வைத்துவிட்டுக் கை கழுவினார். கதவடியில் நின்று, "மிஸ்யூ வின்சன்ற், குழுவில் இதைப் போட்டுவிடாதீர்கள்," என்றார். பிறகு ஆரெலியோடு மெத்ரோப் பக்கம் போனார்.

சவர்க்காரத்தில் மோதிரம் வந்தது. அடுத்தநாள் ஒப்பரேஷனும் நல்லபடி முடிந்தது.

வின்சன்ற் மூன்று நாள் குழுவைத் திறக்கவில்லை. 'கோப்பு முழுமையில்லை' என்று தான் மூன்று தரம் அனுப்பியதை மேரிறோசுக்குச் சொன்னார். நாலாம் நாள் குழுவில் எழுதினார்: "இன்றுமுதல் பூர்வீகப் படிவம் ரத்து. சான்றிதழ்கள் செல்லுபடியாகா. எவரும் எந்த மொழியிலும் வணக்கம் சொல்லலாம்."

குழுவின் வரலாற்றில் முதல் தடவையாக மூன்று பக்கமும் ஒரே கருத்துக்கு வந்தன. ஒரு அந்நியன் எங்கள் அடையாளத்தை அழிக்கப் பார்க்கிறான் என்றது மேடு. ஆறு ஆமோதித்தது. சான்றிதழுக்குச் சட்டம் போட்ட காசை யார் தருவது என்றது கடல். வின்சன்றை நீக்கும் பிரேரணை பதினேழு நிமிடத்தில் நிறைவேறியது. முதல் கட்டைவிரல் லியோனலுடையது.

அடுத்தநாள் அவர் வழமைபோல மீன் வாங்க வந்தார். "என்ன செய்வது மிஸ்யூ வின்சன்ற், நான் முதலில் போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். ஆரெலியின் அம்மா உங்களைச் சுகம் கேட்டார்."

இனி இந்த மாதிரி வேலைக்கே போவதில்லை என்று வின்சன்ற் தீர்மானித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் இரத்தினம் நிற்கிறார்.

"அண்ணை, அந்தக் கறுவலுகளுக்கு நீங்கள் செய்த படிவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டன். அருமையான வேலை. அதைப் பார்த்துத்தான் எங்கட சங்கத்துக்கும் ஒண்டு அடிச்சனான். பாருங்கோ."

"அதை நான் நிப்பாட்டிப்போட்டன் தம்பி. அவையளையும் அப்பிடிச் சொல்லாதையும். பெயர் இருக்கு."

"அவைக்குச் சரிவராது, அண்ணை. படிப்பறிவு வேணும். எங்கட சனம் வேற."

வின்சன்ற் படிவத்தைப் பார்த்தார். பிறந்த ஊர், கோயிலா தேவாலயமா, வந்த வருடம், தாத்தாவின் ஊர். கடைசி வரி: குறிச்சி, அதாவது ஊருக்குள் எந்தப் பகுதி.

"குறிச்சி என்னத்துக்கு? எந்த ஊர் எண்டால் காணாதோ?"

இரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "இது பிரான்ஸ், அண்ணை. மற்றதை நேரடியாய்க் கேக்கேலாது. குறிச்சியைச் சொன்னால் எங்களுக்கு விளங்கும்தானே. பிள்ளையளுக்குக் கலியாணம் பேசேக்கையும் உதவும். ஒருத்தரையும் கட்டாயப்படுத்தேல்லை. முதல் படிவத்தை நீங்கள் நிரப்பித் தந்தால் மற்றாக்கள் தயங்காயினம்."

மேசையில் படிவத்தை வைத்து வின்சன்ற் நிரப்பத் தொடங்கினார். ஊர் வரைக்கும் பேனை தடையின்றி ஓடியது. குறிச்சியில் நின்றது. இரத்தினம் சுவரில் தொங்கிய மாதா படத்தைப் பார்ப்பதுபோல் நின்றார்.

வின்சன்ற் தான் பிறந்த குறிச்சியை எழுதவில்லை. தேவாலயத்துக்கு அந்தப் பக்கத்தில், கல்வீடுகள் இருந்த குறிச்சியை எழுதினார்.

மேரிறோஸ் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தனக்கும் ஒரு படிவம் வாங்கி, எழுத்துக்கூட மாறாமல் அதையே எழுதினாள்.