மாலை போட்ட படமும் நேர்ல அண்ணனும்

பினாங்கில் நடக்காத சம்பவங்களை நேரில் போய்ப் பார்த்தவர் யார் என்று கேட்டால், முதல் ஆளும் கடைசி ஆளும் நேர்ல அண்ணன்தான். கர்னி டிரைவில் முதலை கரையேறவில்லை. அதை அவர் பார்த்தார். கொடிமலை உச்சியில் பறக்கும் தட்டு இறங்கவில்லை, அதையும் பார்த்தார். சூலியா தெருவில் யாரும் இலவச பிரியாணி கொடுக்கவில்லை. அதை வரிசையில் நின்றே பார்த்தார்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'பழைய கப்பல்'. ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் இருந்தது. அதில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் நாங்கள். ஆபீஸை மூடிவிட்டார்கள், இப்போது அங்கே கேக் விற்கிறார்கள். நாங்கள் ஊருக்கு ஒருவராகப் பிரிந்துபோய் போனுக்குள் குடியேறிவிட்டோம். காலையில் பூப்படம், மதியம் சர்க்கரை வியாதிக்கு வைத்தியம், சாயங்காலம் உலகம் அழியப்போகிறது என்ற செய்தி. இதில் முக்கால்வாசி எங்களோடு வேலை பார்த்த மணியத்தின் கைங்கரியம். ஒரு செய்தி வந்தால் படிப்பதற்கு முன்பே எங்களுக்குத் தள்ளிவிட்டுவிடுவார். அப்புறம் நாங்கள் எழுதுவதை வைத்துத்தான், தான் என்ன அனுப்பினோம் என்று தெரிந்துகொள்வார்.

நேர்ல அண்ணன் இதற்கு நேர்மாறு. ஆபீஸில் அவருக்கு வேலையே அதுதான். கப்பல் வந்துவிட்டது என்று போன் வரும். அண்ணன் அதை நம்பமாட்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போவார், பார்ப்பார், திரும்பி வந்து "நேர்ல பார்த்தேன், வந்துடுச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் நாங்கள் காகிதத்தில் கைவைப்போம். கப்பல் வராத நாட்களில் அவரும் லேசில் திரும்பி வரமாட்டார். எங்கே போனீர்கள் என்று மானேஜர் கேட்டால், வராத கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அமைதியாகச் சொல்வார். சம்பளம் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்துக் கனவு கண்ட ஒரே மனிதர் அவர்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. முதலைச் செய்தி வந்த அன்று, நாங்களெல்லாம் வீட்டில் இருந்தபடி பயந்துகொண்டிருக்க, அண்ணன் மோட்டாரில் கிளம்பிவிட்டார். காலையில் போனவரிடமிருந்து சாயங்காலம் வரை தகவலே இல்லை. முதலை விழுங்கிவிட்டதோ என்று மணியம் கவலைப்பட ஆரம்பித்த நேரத்தில் செய்தி வந்தது. முதலை இல்லையாம். அலை சின்னதாக இருக்கிறதாம். ஒரு சீனக் கிழவர் சிவப்புக் காற்றாடி விடுகிறாராம், அது இறங்கட்டும் என்று இவர் காத்திருக்கிறாராம்.

பறக்கும் தட்டுக்காகக் கொடிமலை ரயில் ஏறியவர், மேலே போய் ஒரு படம் அனுப்பினார். படம் முழுக்க வெள்ளை. ஒரு மரம் இல்லை, மனிதர் இல்லை. என்ன அண்ணே இது என்று கேட்டேன். மேகம் என்றார். மேகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "பின்னால நான் இல்லம்மா, உள்ள இருக்கேன்" என்று பதில் எழுதினார். பிரியாணி இல்லாத சூலியா தெருவிலிருந்து, வாசனை மட்டும் இருக்கிறது, அதற்கு யாரும் காசு கேட்கவில்லை என்று எழுதினார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத ஆள் என்று எல்லாரும் திட்டுவோம். ஆனால் அந்த வெள்ளைப் படத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து செத்துப்போனார்.

சவரி அண்ணன் ஆபீஸில் எனக்கு எதிர்மேசை. எங்கள் இருவருக்கும் ஒரே மேசை விசிறி. அதை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தனக்கு வேர்ப்பதே இல்லை என்று சொல்லிக்கொண்டே வேர்வையைத் துடைப்பார். ஓய்வு பெற்றுக் கடலுக்கு அக்கரையில் நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஒரு வீட்டுக்குப் போனார். மனைவி இறந்த பிறகு குழுவில் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் இல்லை.

அன்று காலை மணியம் அவருடைய படத்தைக் குழுவில் போட்டார். கழுத்தில் பெரிய ரோஜா மாலை, பாதி மூடிய கண்கள், கீழே ஒரு கைகூப்பல். வேறு ஒரு வார்த்தை இல்லை. மாலையும் கைகூப்பலும் சேர்ந்து வந்தால் தமிழனுக்கு வேறு என்ன அர்த்தம்? யாரோ ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், வரிசை கட்டி வந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். விசிறிக் கதையை எழுதினேன். நல்ல மனிதர், ஒருநாளும் கடிந்து பேசாதவர் என்று எழுதினேன். அவர் போனுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

அந்த இரங்கல் மழைக்கு நடுவே நேர்ல அண்ணன் எழுதினார்: "யாரு பார்த்தா?"

குழுவே அவர்மேல் பாய்ந்தது. சாவிலுமா இந்த விளையாட்டு என்று கேட்டார்கள். எனக்கும் கோபம்தான். போன் போட்டேன். ஃபெரிக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"எல்லாரும் எழுதியாச்சு அண்ணே, இனிமே போய் என்னத்தைப் பார்க்கப் போறீங்க?"

"எழுதினவங்கள்ல ஒருத்தரும் பார்க்கலையே, தங்கச்சி. நான் போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன்லா."

அப்புறம் வழியெல்லாம் செய்தி. ஃபெரியில் இருக்கிறேன், தண்ணீர் இன்றைக்குப் பச்சையாக இருக்கிறது என்றார். புக்கிட் மெர்தாஜாம் தாண்டிவிட்டேன், மலைமேல் மழை நிற்கிறது, கீழே இன்னும் வரவில்லை என்றார். இழவு வீட்டுக்குப் போகிறவர் எழுதுகிற எழுத்தா இது என்று பல்லைக் கடித்தேன். ஆனால் ஒவ்வொரு செய்தியும் வரும்போது ஓடிப்போய் போனை எடுத்தேன். சவரி அண்ணன் இருந்துவிடக் கூடாதா, இந்த ஒரு தடவையும் நடக்காத சம்பவத்தைத்தான் இவர் பார்க்கப் போகிறார் என்று இருக்கக் கூடாதா என்று மனம் தவித்தது. மத்தியானம் ஒரு வரி வந்தது: "வந்துட்டேன். பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அதோடு சரி. அடித்தால் எடுக்கவில்லை. கேட்டால் பதில் இல்லை. இவ்வளவு நேரம் என்னத்தைப் பார்க்கிறார்? பார்த்ததைச் சொல்ல மனம் வரவில்லை போலும் என்று நினைத்து மறுபடி அழுதேன்.

அங்கே நடந்தது பிற்பாடுதான் தெரியவந்தது. அண்ணன் கேட்டைத் தட்டியதும் கதவைத் திறந்தவர் சவரியேதான். கைலி கட்டிக்கொண்டு, கையில் போனும் கண்ணில் தண்ணீருமாக நின்றாராம். காலையிலிருந்து ஒன்று விடாமல் படித்திருக்கிறார். உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுத விரலை வைக்கும்போதெல்லாம் இன்னொன்று வந்து விழுந்திருக்கிறது, அதையும் படித்துவிடலாம் என்று விட்டுவிட்டார். நான் போன் அடித்தபோதும் எடுக்க மனம் வரவில்லையாம். அண்ணன் தன் போனை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"உடனே போட்டுடாதீங்க அண்ணே. இத்தனை நாளா வெறும் பூப்படம்தான் வந்துச்சு. இன்னைக்குத்தான் என் பேரைச் சொல்லி எழுதுறாங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்லா."

கண்டதைச் சொல்வதைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதரிடம் என்ன கேட்கிறார் பாருங்கள். அண்ணன் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. அதனால்தான் 'பார்த்துக்கிட்டு இருக்கேன்' என்ற அந்த வரி. சொன்னபடியே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வழியில் வாங்கி வந்த மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மலையில் நின்ற மழை மெதுவாக வந்து செம்பனைமேல் இறங்கியது. சவரிக்குக் கண்ணாடி நனைந்துவிட, அண்ணன் ஒவ்வொரு இரங்கலாக வாசித்துக் காட்டினார். விசிறி வந்தபோது மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னாராம். அந்த வரிசையில், படத்தைப் போட்ட மணியமும் 'செய்தி அறிந்து துடித்துப்போனேன்' என்று எழுதியிருந்தார். பிற்பாடு மணியமே சொன்னது இது: அலமாரியைத் துடைக்கும்போது, சவரி ஓய்வு பெற்ற நாளில் நாங்கள் மாலை போட்டு எடுத்த படம் கிடைத்திருக்கிறது. கும்பிட்டுப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து இரங்கல்களைப் பார்த்து, அடடா, எப்போது நடந்தது என்று அவரும் அழுதிருக்கிறார். மணியத்தின் அந்த வரியைக் கேட்டுச் சவரி சிரித்த சிரிப்பில் புரையேறி, நிஜமாகவே போய்விடுவாரோ என்று அண்ணன் முதுகைத் தட்டும்படி ஆனது.

வெயில் சாய்ந்த பிறகு படம் வந்தது. வாயோரம் மீ ஒட்டியிருக்க, சவரி அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். பின்னால் நனைந்த மரங்கள். கீழே அண்ணன் எழுதியிருந்தார்: "நேர்ல பார்த்தேன். இருக்காரு."

நான் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். குழுவில் ஒரே வெட்கம், ஆளாளுக்குத் தங்கள் இரங்கலை அழிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எத்தனையோ நாளுக்குப் பிறகு சவரி எழுதினார்: "நன்றி. தயவு செஞ்சு யாரும் அழிச்சிடாதீங்க."

அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் ஃபெரி ஏறுகிறார். யாரும் எந்த வதந்தியும் கிளப்பாமலேயே போகிறார். நாங்களும் ஒருவர் மாற்றி ஒருவர் கூடப் போகிறோம். வழியில் அவர் நிற்கிற இடங்களிலெல்லாம் நின்று பார்க்க வேண்டியிருப்பதால், போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடுகிறது.

என்றைக்காவது என் படத்துக்கும் கீழே ஒரு கைகூப்பல் வரும். எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. நேர்ல அண்ணன் மோட்டாரில் வந்து கேட்டைத் தட்டும் வரைக்கும் நான் போவதாக இல்லை.