கை தட்டினால் மட்டும் ஓட வேண்டிய மோட்டர்

நான் கரண்டுக்குப் பயந்தவன் இல்லை. வீடுகளுக்கு வயர் இழுத்து, பிறகு அந்த வேலையையே தொழிற்பயிற்சி நிலையத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன். ஷொக் அடித்தால் கையை உதறிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிற ஆள். (மற்ற எல்லாவற்றுக்கும் பயம். மகள் ரியூசன் விட்டு வெளியே வரக் கொஞ்சம் சுணங்கினாலே வகுப்புக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிடுவேன்.) ஆனால் என் வாழ்க்கையில் எனக்கு அடித்த பெரிய ஷொக்கில் கரண்டே இல்லை. வெறும் தண்ணீர்தான்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் எங்கள் தொழிலும் மாறியது. வயரிங் பாடநெறியை மூடுகிறோம், சென்சரும் சின்னக் கணினிப் போர்டும் வைத்துத் தானாக இயங்கும் கருவிகள் செய்யும் புதுப் பாடநெறி வருகிறது என்றார்கள். அதைக் கற்பிக்கப்போகும் எங்களுக்கே முதலில் புத்தளம் டவுனில் பயிற்சி. முடிவில் ஆளுக்கொரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். சித்தியடைந்தால் இருக்கிற நிலையத்திலேயே வேலை. தவறினால் வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம்.

மகளுக்கு அது உயர்தரப் பரீட்சை வருடம். பின்னேரங்களில் அவளை ரியூசனிலிருந்து புத்தளத்துக் கரைத்தீவு வீட்டுக்குக் கூட்டி வருவது நான்தான். இளந்தாரி வயதில், யுத்தத்தில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஒரேயொரு பையோடு மன்னாரை விட்டு வெளிக்கிட்டு இந்தக் கரையில் வந்து வேர் பிடித்தவன் நான். திரும்பவும் பை கட்ட நான் தயாராக இல்லை.

எனக்குக் கிடைத்தது சத்தத்தை உணரும் சென்சர். கனமூலைத் தோட்டக்காரர்கள் ஈரக்கையோடு மோட்டர் சுவிச்சைத் தொட்டு ஷொக் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சுவிச்சே வேண்டாம் என்று முடிவுசெய்தேன். ஒரு தரம் கை தட்டினால் மோட்டர் ஓடும். இன்னொரு தரம் தட்டினால் நிற்கும். ஒரு வாளித் தண்ணீர், சின்ன மோட்டர், தண்ணீரைச் சுழற்றித் தெளிக்கும் ஸ்பிரிங்லர், அதற்கு முன்னால் மிளகாய்க் கன்றுகள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டில் ஒரு கிழமை ஒத்திகை. அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பக்கத்து வீட்டு ராத்தா கூப்பிட்டாலும் 'ஓம்' எண்டு சொல்ல விடுறாரில்ல. இது வீடா, மையித்துக் கெடக்கிற வீடா?" என்று மனைவி மகளிடம் குசுகுசுத்தாள்.

"உஷ்! சென்சருக்குக் கேக்கும்!" என்றேன்.

மகள்தான் மெதுவாகக் கேட்டாள். "வாப்பா, அங்க நெறைய ஆக்கள் இருப்பாங்களே. சத்தம் போட மாட்டாங்களா?"

"பாடம் நடக்கக்குள்ள யாரு சத்தம் போடுற? எல்லாரும் மாஸ்டர்மார்." (அத்தனை வருடம் மாஸ்டர்மாரோடு ஒரே அறையில் இருந்து தேத்தண்ணி குடித்தவன் சொன்ன வார்த்தை இது.)

என் முறை வந்தது. மதிப்பிட வந்தவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள மெடம். தமிழ் நன்றாகக் கதைப்பார். போன் வந்ததால், "நீங்க தொடங்குங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் கருவியை உயிர்ப்பித்து வைத்துவிட்டு, தணிந்த குரலில் ஈரக்கையின் ஆபத்தை விளக்கினேன். மண்டபத்தில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. 'பார்த்தாயா மகளே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் மேசைக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. மெடம் மரியாதை தெரிந்தவர். சிரித்தபடி, மெல்லிய குரலில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. மண்டபம் முழுக்க ஒரே குரலில் கடமையைச் செய்தது. "வஅலைக்குமுஸ்ஸலாம்!"

மோட்டர் ஓடியது. மிளகாய்க் கன்றுகளுக்கு ஒரு சொட்டும் விழவில்லை. தண்ணீர் அவற்றின் தலைக்கு மேலால் போய், கஞ்சி போட்டு மடிப்புக் குலையாமல் உடுத்தியிருந்த மெடத்தின் சாரியை நனைத்து, அப்படியே சுழன்று முன்வரிசைக்கு வந்தது.

"யா அல்லாஹ்!" என்று முன்வரிசை அலறியது. மோட்டர் நின்றது. (பழுது ஒன்றும் இல்லை. சத்தம் கேட்டது, நின்றது.)

அந்த அமைதியில், முன்வரிசையில் நனைந்துபோன, கல்பிட்டியிலிருந்து பாடம் பார்க்க வந்திருந்த தச்சு மாஸ்டர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மினார். தும்மியவர் முறைப்படி "அல்ஹம்துலில்லாஹ்" என்று முணுமுணுத்தார். அதைக் கேட்டவர்கள் அவருக்கு துஆச் செய்ய வேண்டும் அல்லவா? எங்கள் ஆட்கள் விடுவார்களா?

"யர்ஹமுகல்லாஹ்!"

மோட்டர் மறுபடி ஓடியது.

"நானா, பிளக்கக் கழட்டுங்க!" என்று தச்சு மாஸ்டர் என்னை அண்ணன் முறை சொல்லிக் கத்தினார். நின்றது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று எல்லோரும் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள். ஓடியது.

பிளக் சுவரில் இருந்தது. நான் என் கைகளைப் பார்த்தேன். இரண்டிலும் தண்ணீர் சொட்டியது. ஈரக்கையோடு தொடக்கூடாது என்று சற்றுமுன் விளக்கியவன் நான். அங்கேயே மரமாக நின்றேன்.

என் பாடக் குறிப்பை முதலே வாசித்திருந்த மெடம், தண்ணீருக்குள் நின்றபடி ஒரே ஒரு தரம் கை தட்டினார். மோட்டர் நின்றது. பிறகு உதட்டில் விரலை வைத்துச் சபையைப் பார்த்தார். அத்தனை மாஸ்டர்மாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் காற்சட்டையில் கையைத் துடைத்து, பூனை மாதிரி நடந்து போய்ப் பிளக்கைக் கழற்றினேன்.

"மாஸ்டர், இது ஏன் இப்படி நடந்தது?" என்றார் மெடம்.

பையும் பஸ்ஸும் ரோட்டில் தனியாக நிற்கும் மகளும் என் கண்ணில் வந்து போனார்கள். பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "மெடம், வீட்டுல எல்லார்ட வாயையும் பொத்தி வெச்சிட்டுத்தான் செஞ்சு பாத்த. சலாம் எண்டு ஒண்டு இருக்கிறதையே மறந்துட்டன்."

அவர் சாரித் தலைப்பைப் பிழிந்தார்.

"ஹரி, சரி. நாளைக்கு இதைத் திருத்திக்கொண்டு வாங்க. எல்லாரும் நல்லாச் சத்தமாச் சலாம் சொல்லணும். நான் ஜன்னலுக்கு வெளியில நிண்டு பாக்கிறன்."

அன்று எங்கள் வீட்டில் யாரும் வாயைப் பொத்தவில்லை. மனைவி வேண்டுமென்றே பக்கத்து வீட்டு ராத்தாவையும் கூட்டி வந்து சத்தமாகக் கதைத்தாள். அடுத்தடுத்து இரண்டு தட்டுத் தட்டினால் மட்டும் ஓடுகிற மாதிரி மகளும் நானும் போர்டின் புரோகிராமை மாற்றினோம்.

மறுநாள் மெடம் சொன்னபடியே ஜன்னலுக்கு வெளியில் நின்று சலாம் சொன்னார். மண்டபம் அதிரப் பதில் வந்தது. மோட்டர் அசையவில்லை. இரண்டு தட்டுத் தட்டினேன், ஓடியது. நான் சித்தியடைந்தேன். (முன்வரிசையில் அன்று ஒரு ஆளும் இல்லை என்பது வேறு கதை.) நான் புத்தளத்திலேயே தங்கினேன். மகளும் ரோட்டில் தனியாக நிற்காமலே பரீட்சை எழுதி முடித்தாள்.

ஆனால் கதை எனக்கு முன்னமே ஊர் சுற்றிவிட்டது. சில வருடம் கழித்து, மகளின் நிக்காஹ் அன்று நல்ல வெயில். பள்ளிவாசல்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தம்பிமார் எங்கள் வாசலில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரே குரலில் சலாம் சொன்னார்கள்.

சிரிப்பில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் மட்டும் சொன்னேன், ஓர் அடி பின்னுக்குப் போய் நின்றுகொண்டு.